டி-ஒன்பதைக் கண்டெடுத்த தண்ணீர்

என் நாட்குறிப்பில் வருடத்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் காலியாக இருக்கும். சரஸ்வதி பூஜை அன்று புத்தகங்களோடு குறிப்பேட்டையும் படத்தின் முன் அடுக்கிவிடுவோம். மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. மற்ற எல்லா நாட்களிலும் மழை பெய்ததா, மின்சார ரயில் எத்தனை நிமிடம் தாமதம், ஆய்வகத்தில் எந்தத் தட்டை யார் எப்போது எடுத்தார்கள் என்பதுவரை எழுதிவைப்பேன். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட மூன்று வேளையும் உடம்புச் சூட்டைக் குறித்திருக்கிறேன். இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு காலிப் பக்கத்து நாளில் நான் செய்த காரியத்தையும், அதற்கடுத்த பதினான்கு நாட்களையும். அந்தப் பதினான்கு நாட்களின் பக்கங்கள் ஓரம்வரை நிரம்பியிருக்கின்றன. கையெழுத்தைப் பார்த்தால் போதையில் எழுதியது என்று தோன்றும். நான் குடிப்பதில்லை.

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி ஒரு சிறு தொழிற்பேட்டையில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் இடம். கீழே நொதி தயாரிக்கும் எஃகுக் கலன்கள், மேலே எங்கள் ஆய்வகம். நொதி என்பதைக் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளலாம். சலவைத் தூளில் ஒரு சிட்டிகை கலந்தால் ரத்தக் கறை, பால் கறை, முட்டைக் கறை ஆகியவற்றில் இருக்கும் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் விட்டுவிடும். ஏற்கெனவே எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் சோப்புத் தூளோடு பக்கெட்டில் ஊறும்போது அரை மணிக்குள் களைத்துப் படுத்துவிடும். களைக்காத ஒன்று வேண்டும். அதுதான் மாடியில் இருந்த மூன்று பேருக்கும் வேலை.

களைக்காத நொதியை உட்கார்ந்து யோசித்து வரைந்துவிட முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி. பழைய நொதியின் செய்முறை ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வேண்டுமென்றே பிழைகளோடு ஆயிரக்கணக்கில் படியெடுப்போம். ஒவ்வொரு பிழைப் பிரதியையும் ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள் நுழைத்துவிடுவோம். பெரும்பாலான பிழைகள் நொதியைக் கெடுக்கும், சில ஒன்றும் செய்யாது, எங்கோ ஒன்று அதிசயமாக மேம்படுத்தும். ஒரு கடிதத்தைப் பார்த்து எழுதும்போது துணைக்கால் விட்டுப்போனாலே பதறுகிறவன் நான். பிழை செய்வதற்கே மாதச் சம்பளம் தருகிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரம் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பிழை செய்வது சுலபம். அந்த ஆயிரத்தில் நல்லது எது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. முதல் வடிகட்டல் பால் தட்டு. ஆடை நீக்கிய பால்பவுடரைக் கரைத்து, கடற்பாசி ஜெல்லியோடு உறையவைத்த வெள்ளைத் தட்டு. அதன்மேல் பாக்டீரியாக்களைப் பரப்பினால் மறுநாள் காலை ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக வளர்ந்திருக்கும். நொதி நன்றாக வேலை செய்கிற புள்ளியைச் சுற்றிப் பால் கரைந்து கண்ணாடி வளையம் ஒன்று தெரியும், சாமி படத்து ஒளிவட்டம் போல. வளையம் பெரிதான புள்ளிகளைப் பல்குத்தும் குச்சியால் தொட்டெடுத்து அடுத்த தட்டில் இறக்க வேண்டும். அது குழிப்பணியாரச் சட்டியைச் சுருக்கியது போல இருக்கும், தொண்ணூற்றாறு குழி. வரிசைக்கு ஏ, பி, சி என்று எழுத்து, நெடுக்கே எண். இரண்டு நாள் வளர்த்து, சோப்புத் தூள் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெட்டினால் மஞ்சளாகும் ஒரு மருந்தைச் சேர்ப்போம். ஊறிய பிறகும் தெம்பாக இருக்கும் நொதியின் குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று ஒரு கருவி படித்து எண்ணாகச் சொல்லும். ஒவ்வொரு தட்டிலும் சில குழிகளில் பழைய நொதியை வைப்போம். அதற்குத் தாய் என்று பெயர். தாயை மிஞ்சும் மகளைத் தேடுவதே எங்கள் பிழைப்பு.

குச்சி எடுக்கும் வேலை பள்ளிக்கரணையிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு. வெளிநாடுகளில் இதற்கென்று இயந்திரக் கை இருக்கிறதாம். எங்களுக்கு இவர் கை. என்னை அண்ணா என்பார், என் குறிப்பேட்டை மட்டும் எஃப்.ஐ.ஆர். என்பார். திட்டத்தை நடத்தியவர் மேடம். கிழக்குத் தாம்பரத்துக்காரர், பெற்றோர் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர், ஆய்வகத்திலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். நல்ல எண் வந்தால் சுருதி ஏறும்.

மேடம் நொதியில் பட்டம் வாங்கிவிட்டு, ஆறு வருடம் நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் வேறு யாரோ செய்த சோதனைகளின் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர். அந்த ஆறு வருடத்தில் ஒரு தட்டைக்கூடத் தொடவில்லை என்று சொல்லும்போது, விரதம் இருந்தவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற குரலில் சொல்வார். பாதிச் சம்பளத்துக்கு எங்கள் மாடிக்கு வந்திருந்தார். ஆனால் முதலாளி, அவரை எல்லோரும் எம்.டி. என்போம், ஐப்பசி முடிவதற்குள் தாயை மிஞ்சும் ஒன்றைக் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவதாகச் சொல்லிவிட்டார். என்னையும் பள்ளிக்கரணைப் பெண்ணையும் கீழ்த்தளத்துக்கு மாற்றுவார்கள். மேடத்துக்குக் கீழே வேலை இல்லை. நாவலூர்க்காரர்கள் பழைய நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன் ஒரு தடவை ஏமாந்திருந்தோம். ஆடியில் ஒரே தட்டில் ஒன்பது வெற்றியாளர்கள். மூவரும் தேநீர்க் கடைக்குப் போய் முட்டை போண்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம். திரும்பி வந்து என் குறிப்பில் குழி எண்களைப் பார்த்தால் ஒன்பதும் தட்டின் ஓரக் குழிகள். ஓரத்தில் நீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்பட்டு மஞ்சள் தூக்கலாகத் தெரிந்திருக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்ததைத் தவிர அந்த ஒன்பதும் ஒன்றும் சாதிக்கவில்லை. மேடம் ஒரு அட்டையில், நீ எதைச் சோதிக்கிறாயோ அதுதான் உனக்குக் கிடைக்கும் என்று எழுதிக் குளிர்பெட்டிமேல் ஒட்டினார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். சொல்லிவிட்டு எல்லோரும் மறப்பதும்தான்.

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. எங்கள் தொழிற்பேட்டையில் அன்று வேலை கிடையாது, கழுவல் மட்டும்தான். கருவிகளைத் துடைத்து, தரையைத் தேய்த்து, மொட்டைமாடியில் இருந்த இரண்டு சிறிய கறுப்புத் தொட்டிகளையும் இறக்கிக் கழுவினோம். ஒன்றில் போர் தண்ணீர். அது கைகழுவும் தொட்டிக்குப் போகும். இன்னொன்றில் இயந்திரத்தில் வடிகட்டிய சுத்த நீர். அது சோதனை மேசைக்கு வரும். கரைசல்கள் எல்லாம் அதில்தான். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பச்சை ரப்பர் குழாய். எது எது என்று நானே என் கையால் எழுதிச் சீட்டுக் கட்டியிருந்தேன். கழுவும்போது சீட்டுகள் நைந்து போயின. பரவாயில்லை, எனக்குத் தெரியாதா என்று நானே குழாய்களை மாட்டி, இரண்டு தொட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். மாட்டியதை எழுதிவைக்கவில்லை. குறிப்பேடு கீழே சரஸ்வதி படத்தின் முன் பொரி, கடலைக்கு நடுவில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விஜயதசமி. அன்று தொடங்கியது விளங்கும் என்பார்கள். எம்.டி. கையால் முதல் பால் தட்டை ஊற்றச் செய்தோம். புதன்கிழமை புள்ளிகள் வந்தன. பள்ளிக்கரணைப் பெண் பன்னிரண்டு தட்டுகளுக்குக் குச்சி எடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலேகாலுக்குக் கருவி ஏழாவது தட்டைப் படித்தது. திரையில் டி வரிசை, ஒன்பதாம் குழி. ஓரம் இல்லை, நட்டநடுவில். தாயைப்போல இரு மடங்கு.

மேடம் முணுமுணுப்பதை நிறுத்தினார். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதே எண். கருவியை அணைத்துப் போட்டோம். அதே எண். நான் குறிப்பில் நேரத்தை எழுதினேன், நிமிடத்தோடு. பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு மூலையில் ஏதோ வேலை இருப்பதுபோல நின்றோம். ஆடி மாதத்துப் போண்டா எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் டி-ஒன்பதையே விரட்டினோம். புதிதாக வளர்த்தோம், குழியை மாற்றி வைத்தோம், யார் எங்கே என்று தெரியாமல் சீட்டை மறைத்துவைத்தோம். எங்கே ஒளித்தாலும் டி-ஒன்பது முன்னால் வந்து நின்றது. புதன்கிழமை மத்தியானம் துணியில் சோதித்தோம். கோழிக்கடையிலிருந்து ரத்தம், வீட்டிலிருந்து முட்டை, தேநீர்க் கடையிலிருந்து பால். பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டைகளாக்கிக் கறை ஏற்றி, இரண்டு பக்கெட்டில் ஊறப்போட்டோம். பள்ளிக்கரணைப் பெண் தன் டிபன் பாக்ஸ் சாம்பாரையும் ஒரு பட்டையில் ஊற்றினார். சாம்பார் மஞ்சள் சோப்பில் பட்டதும் குங்குமச் சிவப்பாகிவிட்டது. அது நம் வீடுகளில் தினமும் நடப்பது. நொதிக்கு அதில் பொறுப்பில்லை. ஆனால் ரத்தப் பட்டை டி-ஒன்பது பக்கெட்டிலிருந்து புது வேட்டியாக எழுந்து வந்தது. மேடம் அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு கீழே எம்.டி. அறைக்கு இறங்கிப் போனார். மாடிப்படியில் பாடிக்கொண்டே போனார்.

எம்.டி. அப்போதே, அனகாபுத்தூரில் சலவைத் தூள் தயாரிக்கும் ஒரு அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, வருகிற திங்கட்கிழமை வந்து பார்க்கச் சொன்னார். அந்த அம்மா சரி என்றால் திட்டம் பிழைக்கும். நாவலூர்க்காரர்களும் பதில் சொல்ல அதே திங்கட்கிழமை சாயங்காலம்வரைதான் கெடு கொடுத்திருந்தார்கள். ஆகவே புதன்கிழமை சாயங்காலம் எங்களைப்போல மிதந்த மூன்று பேர் தாம்பரத்தில் இல்லை. நான் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய் இறங்கினேன். பெருங்களத்தூரில் இறங்குகிற ஆள் ஊரப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அதையும் எழுதியிருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கைகழுவினேன்.

இந்தப் பக்கத்து வீடுகளில் சோப்பு நுரைப்பதில்லை. போர் தண்ணீரின் கடினம் அப்படி. சோப்பைத் தேய்த்தால் தயிர் திரிந்த மாதிரி ஏதோ வரும், பக்கெட்டின் அடியில் வெள்ளைப் பொருக்கு தட்டும். நாங்கள் யாரும் அதை ஒரு குறையாக நினைப்பதைக்கூட விட்டுவிட்டோம். அன்றுதான் கவனித்தேன், என் கையில் நுரை மலையாகப் பொங்கியது. கழுவக் கழுவ வழுக்கல் போகவே இல்லை. பெருக்கும் அக்கா இரண்டு நாளைக்கு முன், புது சோப்பு சூப்பரா நுரைக்குது, எந்தக் கடையில வாங்கினீங்க என்று கேட்டது நினைவுக்கு வந்தது. நாங்கள் சோப்பை மாற்றவில்லை. வாட்ச்மேனும் கேட்டிருந்தார்: "இன்னா சார், நல்லதண்ணி டேங்கு டெய்லி காலியாகினே கீது. மேல யாராச்சும் குளிக்கிறீங்களா?" அப்போது சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நுரைக் கையோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். சந்தனப் பொட்டு காய்ந்து போயிருந்தது. குழாயைக் கையால் பிடித்தபடியே தடவிக்கொண்டு போனேன், பாம்பின் வால் எங்கே என்று தேடுகிறவன் மாதிரி. போர் தொட்டியின் குழாய் சோதனை மேசைக்குப் போயிற்று. சுத்த நீர்க் குழாய் கைகழுவும் தொட்டிக்குப் போயிற்று. பத்து நாளாக நாங்கள் விலையுயர்ந்த வடிகட்டிய நீரில் கைகழுவிக்கொண்டு, தாம்பரம் போர் தண்ணீரில் விஞ்ஞானம் செய்திருக்கிறோம். பொட்டு வைத்த கை என்னுடையது.

கீழே வந்து மேடத்திடம் சொன்னேன். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை. எந்தக் கிழமை, எந்தக் குழாய், யார் மாட்டியது, என்னென்ன கரைசல்கள் அந்த நீரில் கலக்கப்பட்டன, எல்லாம். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கையில் நுரை இன்னும் இருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல கையைக் கழுவுங்க சார்," என்றார். "எந்தத் தண்ணியா இருந்தாலும் பரவால்ல."

குழாய்களைச் சரியாக மாட்டி, எல்லாக் கரைசல்களையும் சுத்த நீரில் புதிதாகக் கலந்து, வெள்ளிக்கிழமை டி-ஒன்பதையும் தாயையும் அருகருகே வைத்தோம். கருவி படித்தது. இருவரும் ஒரே உயரம். நுணுக்கமாகப் பார்த்தால் மகள் அரை இழை தாழ்வு.

என் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். மறுபடி நாவலூருக்கே போகப்போகும் மேடத்தை நினைத்தேன். அப்போது பள்ளிக்கரணைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் குச்சி டப்பாவைத் தட்டிவிட்டார். நூற்றுக்கணக்கான பல்குத்தும் குச்சிகள் தரையில் சிதறின. மேடமும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தார், பொறுக்கிக்கொண்டே சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். தொட்டிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறோமே, அது சும்மா விடுமா என்றார். நானும் தரையில் உட்கார்ந்தேன். மூன்று படித்த மனிதர்கள் மேசைக்கடியில் குச்சி பொறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்ததைப் பெருக்கும் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சிரிப்பு ஓய்ந்ததும் பள்ளிக்கரணைப் பெண் மேடத்திடம் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, திங்கக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் அண்ணா பைப்பை மாத்திப் போட்டா?"

அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது. எனக்குத்தான் முதலில் வந்தது என்றே நினைக்கிறேன்.

மேடம் கையிலிருந்த குச்சிகளை ஒரே திசைக்கு அடுக்கினார். "போடலாம். அவங்க நம்பி வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் நான் நாவலூருக்குப் போனாலும் நிம்மதியா உக்கார முடியாதே."

சனிக்கிழமை மேடம் எம்.டி.யிடம் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூடப் போனேன். மாட்டியவன் நான் என்று சொல்ல வேண்டியிருந்தது. எம்.டி. கத்தவில்லை. அந்த அம்மாவுக்குச் சொல்லியாயிற்று, வருவதை நிறுத்த முடியாது, நீங்களே உங்கள் வாயால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, வருடம் பூராவும் எழுதுகிற மனுஷன் அன்றைக்கு மட்டும் எழுதாமல் விட்டீரே என்றார். சரஸ்வதி பூஜை என்றேன். அவரும் பக்திமான்.

திங்கட்கிழமை காலை மழை. அனகாபுத்தூர் அம்மா ஸ்கூட்டரில் வந்தார், மேலே ஒரு மழைச்சட்டை, கால்வரை நனைந்த சேலை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தன் தூளில் ஒரு பொட்டலம் கையோடு கொண்டுவந்திருந்தார். மேடம் நான்கு பக்கெட்டுகளை வைக்கச் சொல்லியிருந்தார். இரண்டில் சுத்த நீர், இரண்டில் போர் தண்ணீர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் தாய், ஒன்றில் டி-ஒன்பது. மறைக்க ஒன்றும் இல்லாதபோது எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். கறைப் பட்டைகள் ஊறிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் நடந்ததை மேடம் சொன்னார். ஓரக் குழி, ஆயுத பூஜை, குழாய், நுரை. தொட்டிக்குப் பொட்டு வைத்த கட்டம் வந்ததும் அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எம்.டி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் ஆனதும் மேடம் பட்டைகளை எடுத்து அலசி, பலகைமேல் பரப்பினார். சுத்த நீரில் ஊறிய இரண்டும் ஒரே மாதிரி, லேசான பழுப்பு. போர் தண்ணீரில் ஊறிய தாயின் பட்டையில் கறை அப்படியே. டி-ஒன்பதின் பட்டை மட்டும் வெள்ளை. பார்க்கவே சங்கடமான வெள்ளை. "இதுதான் நாங்க ஏமாந்த பக்கெட்," என்றார் மேடம்.

அந்த அம்மா குனிந்து, போர் தண்ணீர் நிரம்பிய குவளையில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு சுத்த நீரையும் அப்படியே பார்த்தார்.

"ஏம்மா, இந்த மெஷின் தண்ணியில எவ துணி தொவைக்கிறா?"

பள்ளிக்கரணைப் பெண் என்னைப் பார்த்தார். நான் என் சட்டைக் கையைப் பார்த்தேன். நாங்கள் மூவரும் தினமும் வீட்டில் போர் தண்ணீரில் துணி துவைத்து, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு வந்து, சுத்த நீரில் சலவை நொதி தேடிக்கொண்டிருந்தவர்கள். கைப்புத்தகங்கள் எல்லாம் சுத்த நீர் என்றுதான் சொல்கின்றன. நானும் எத்தனையோ படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் ஊரில் குழாயைத் திறந்தால் என்ன தண்ணீர் வருகிறதோ, யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தோற்றதாக நினைத்த சோதனையில் நாங்கள் தோற்கவே இல்லை. கேள்வியைத்தான் வேறு ஊருக்குக் கேட்டிருந்தோம். சரியான கேள்வியை என் கை தெரியாமல் கேட்டிருந்தது.

ஏன் அந்த நீரில் மட்டும் டி-ஒன்பது நிமிர்ந்து நிற்கிறது என்று மேடம் ஓர் ஊகம் சொன்னார். இந்த வகை நொதி தன் மடிப்பு கலையாமல் இருக்கக் கால்சியத்தைச் சேலைக்குச் சேஃப்டி பின் குத்துகிற மாதிரி குத்திக்கொண்டிருக்கும். சோப்புத் தூள் அந்தப் பின்னை உருவப் பார்க்கும். நம் தண்ணீரில் பின்னுக்குப் பஞ்சமில்லை. டி-ஒன்பதில் நிகழ்ந்த பிழை, உருவ உருவ வேறொன்றை எடுத்துக் குத்திக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கலாம். தாய்க்கு அந்த வேகம் இல்லை. ஊகம்தான், இன்றுவரை அதில் எங்களுக்குள் சண்டை உண்டு.

அம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. வெள்ளைப் பட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை நைந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். தன் தூளைப் போட்டு இன்னொரு முறை ஊறவைக்கச் சொன்னார். இன்னொரு மணி நேரம் ஓடியது. எம்.டி. காபி வரவழைத்தார், யாரும் குடிக்கவில்லை. இரண்டாவது பட்டையும் வெள்ளையாகவே வந்தது. மேடத்தின் உதட்டோரம் ஏதோ ஒரு ராகம் தொடங்குவது எனக்குக் கேட்டது.

"எங்கூட்டாண்ட ஆத்தோரம், தண்ணி வேற மாதிரி," என்றார் அம்மா. "பள்ளிக்கரணைப் பக்கம் ஒரே உப்பு. அங்கல்லாம் இது நிக்குமா?"

"தெரியாதும்மா," என்றார் மேடம்.

"தெரியாதுங்கறத இவ்ளோ சிரிச்சிகினு சொல்றியே."

"சோதிச்சுப் பாத்தாதாம்மா தெரியும். ஒவ்வொரு ஊர்த் தண்ணியிலயும் தட்டு போட்டுப் பாக்கணும். அதுக்குத்தான் சிரிக்கிறேன்."

அம்மா எம்.டி.யிடம் திரும்பினார். மேடத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தை முடியும்வரை தான் காத்திருப்பதாகவும், அதற்குள் மூன்று ஊர்த் தண்ணீரில் இதே வெள்ளை வந்தால் தன் தூளில் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். வராவிட்டால் அதையும் இந்தப் பெண்ணையே விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், இவள் சொன்னால் நம்பலாம் என்றார். எம்.டி. தலையாட்டினார். அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்கூட்டர் கிளம்பிப் போனபோது வெள்ளைப் பட்டை அந்த அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது.

நாலு மணிக்கு மேடம் மாடிப்படியில் நின்று நாவலூருக்குப் பேசினார். கதவு திறந்திருந்ததால் அவர் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. நன்றி என்றார். இல்லை, சம்பளம் காரணமில்லை என்றார். அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஏதோ சொன்னார்கள். மேடம், "இல்ல சார், இங்க இன்னும் முடியல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமா, தண்ணிப் பிரச்சினைதான்," என்றார். அந்தப் பக்கம் என்ன புரிந்துகொண்டார்களோ, அனுதாபமாக ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மேடம் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்.

உள்ளே வந்ததும், நாளைக்கு எத்தனை தட்டு ஊற்றப்போகிறோம் என்று என்னைக் கேட்டார். நாற்பது என்றேன்.

"எண்பது ஊத்துங்க."

பால்பவுடர் போதாது என்றேன். பள்ளிக்கரணைப் பெண் தன் வீட்டுத் தண்ணீர் கொண்டுவர அதற்குள் மூன்று பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் என் குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். மணி நாலு இருபத்திரண்டு, நல்ல மழை. பஜார் தெருவில் கணுக்கால் தண்ணீர், முதல் இரண்டு கடையில் ஆடை நீக்கிய பவுடர் இல்லை. மூன்றாவது கடையில் இருந்தது அத்தனையையும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் விசேஷமா சார் என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.